வெற்றிடக் குழலும் மின்வழங்கியும்

இக்காலத்து வானொலிப் பெட்டி, பொத்தானை அழுத்திய அக்கணமே பேசத் தொடங்குகின்றது. அறுபது எழுபது ஆண்டுகட்கு முன்னர் இல்லங்களிலும் ஊர்ப் பொதுவிடங்களிலும் இருந்த பெட்டிகள் அவ்வாறு பேசியவை அல்ல. திருகியைத் திருப்பியதும் முகப்பிலுள்ள சிறு விளக்கு எரியும். ஆயின் ஒலி எழாது. கேட்போர் சுற்றிலும் அமர்ந்து காத்திருப்பர். அரை நிமிடம் போலக் கழிந்த பின்னரே, எங்கோ தொலைவிலிருந்து வருவது போன்று மெல்லிய ஒலி எழுந்து, சிறிது சிறிதாக வளர்ந்து, அறை முழுவதும் நிறையும். நிறுத்தும்போதும் அத்தகைய தாமதம் உண்டு. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் ஓரிரு நொடிகள் குரல் ஒலித்துத் தேய்ந்தே மறையும். பெட்டியின் பின்புறப் பலகையிலுள்ள துளைகளின் வழியே நோக்கினால், கண்ணாடிக் குழல்கள் சில உள்ளே செந்நிறமாய் ஒளிர்வதைக் காணலாம்.

அப்பெட்டி திருப்பியவுடன் பேசாதது ஏன்? நிறுத்தியவுடன் அடங்காதது ஏன்? இவ்விரு வினாக்களும் எளியனவாகத் தோன்றினும், இவற்றிற்கு விடை காண முற்படுவோர் ஒரு நூற்றாண்டின் அறிவியல் வரலாற்றையே அறிந்தவராவர். அக்கண்ணாடிக் குழலே வெற்றிடக் குழல் எனப்படுவது. நம் நாட்டில் வானொலி பழுது பார்ப்போர் அதனை ‘வால்வு’ என்றே வழங்கினர். அக்குழலுக்கு உணவூட்டும் தாய் போன்றது மின்வழங்கி. குழலின் புகழைப் பேசுவோர் பலர். அதனை வாழ்விக்கும் மின்வழங்கியைப் பேசுவோர் சிலரே. இரண்டையும் ஒருங்கே அறிவதே முறையாகும்.

விளக்கில் படிந்த கறை

அமெரிக்க அறிஞர் தாமஸ் ஆல்வா எடிசன் 1879ஆம் ஆண்டில் கரி இழை கொண்ட மின்விளக்கை நன்கு எரியச் செய்தார். காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குமிழினுள் மெல்லிய கரி இழை ஒன்று மின்னோட்டத்தால் வெண்மையாக ஒளிர்ந்தது. ஆயினும் ஒரு குறை இருந்தது. சில நாள் எரிந்தபின் கண்ணாடியின் உட்புறத்தில் கருநிறக் கறை படியலாயிற்று. விளக்கின் ஒளியும் மங்கிற்று. அக்கறையின் காரணத்தை அறிய விரும்பிய எடிசன், குமிழினுள் இழையைத் தொடாதவாறு உலோகத் தகடு ஒன்றைப் பொருத்தி ஆராய்ந்தார்.

அப்போது ஒரு புதுமை விளங்கிற்று. அத்தகட்டை மின்கலத்தின் நேர்முனையோடு இணைத்தபோது, தகட்டுக்கும் இழைக்கும் இடையே மின்னோட்டம் பாய்ந்தது. எதிர்முனையோடு இணைத்தபோது மின்னோட்டம் சிறிதும் பாயவில்லை. தகட்டையும் இழையையும் இணைக்கும் கம்பி ஏதும் இல்லை; இடையே இருந்ததோ வெற்றிடம். அவ்வெற்றிடத்தைக் கடந்து மின்சாரம் சென்றது. அதுவும் ஒரு திசையிலேயே சென்றது. எடிசன் 1883ஆம் ஆண்டில் இதனைப் பயன்படுத்தி மின்னழுத்தத்தின் ஏற்றத்தாழ்வைக் காட்டும் கருவி ஒன்றிற்குக் காப்புரிமை வேண்டினார். அடுத்த ஆண்டில் அதனைப் பெற்றார். பின்னர் மின்விளக்குத் தொழிலிலேயே கருத்தைச் செலுத்தி, இதனை மேலும் ஆராயாது விடுத்தார். அறிஞர்கள் இந்நிகழ்ச்சிக்கு ‘எடிசன் விளைவு’ என்று பெயரிட்டனர். அதன் காரணத்தை அன்று எவரும் அறியார்.

காரணம் விளங்கப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. 1897ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்சன் என்னும் அறிஞர், அணுவினும் நுண்ணியதாய், எதிர்மின்னூட்டம் உடையதாய் ஒரு துகள் உண்டு என்பதை மெய்ப்பித்தார். அதுவே எலெக்ட்ரான். உலோகத்தினுள் எண்ணிறந்த எலெக்ட்ரான்கள் அங்குமிங்கும் அலைந்துகொண்டிருக்கின்றன. உலையில் வைத்த நீர் சூடேறும்போது ஆவி கிளம்புவது போல, உலோகத்தைச் செந்நிறமாகக் காய்ச்சும்போது அதன் பரப்பிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளியே கிளம்புகின்றன. எதிரே நேர்மின்னூட்டமுள்ள தகடு இருப்பின், அது அவற்றைத் தன்பால் ஈர்த்துக் கொள்கின்றது. தகடு எதிர்மின்னூட்டம் பெற்றிருப்பின் அவற்றை விலக்கித் தள்ளுகின்றது. குளிர்ந்த தகடு எலெக்ட்ரான்களை வெளியிடாதாகையால், மின்னோட்டம் எதிர்த்திசையில் செல்ல வழியில்லை. இடையே காற்றிருப்பின் எலெக்ட்ரான்கள் காற்றின் மூலக்கூறுகளோடு மோதித் தடுமாறும். சூடான இழையும் எரிந்து அழியும். ஆதலின் வெற்றிடம் இன்றியமையாததாயிற்று.

ஒருவழிக் கதவு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்பியில்லாத் தந்தி வளரத் தொடங்கியது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேராசிரியராக விளங்கிய ஜான் ஆம்புரோஸ் பிளெமிங், மார்க்கோனி நிறுவனத்துக்கு அறிவியல் ஆலோசகராகவும் இருந்தார். வானில் வரும் மின்னலைகள் ஒரு நொடியில் பல்லாயிரம் முறை, பல இலட்சம் முறை திசை மாறுவன. முன்னும் பின்னும் அத்துணை விரைவாக இழுக்கப்படும் அளவியின் முள் எப்பக்கமும் அசையாது நின்றுவிடும். அலை வந்ததா, இல்லையா என்பதை அறிய அக்காலத்தில் இருந்த கருவிகளோ நம்பத் தகாதன. பிளெமிங்குக்குச் செவிப்புலனும் குறைந்து வந்தது. ஆதலின் அலையின் வருகையைக் காதால் கேட்பதினும், முள்ளின் அசைவால் கண்டறிவதே அவருக்கு ஏற்றதாயிருந்தது.

முன்னும் பின்னும் ஓடும் மின்னோட்டத்தில் ஒரு பாதியைத் தடுத்து, மற்றொரு பாதியை மட்டும் செல்லவிட்டால் முள் ஒரு பக்கமாக நகரும். அதற்கு வேண்டுவது ஓர் ஒருவழிக் கதவு. அத்தகைய கதவு எங்குள்ளது எனச் சிந்தித்த பிளெமிங்குக்கு, தாம் முன்பு எடிசன் நிறுவனத்தின் இலண்டன் கிளைக்கு ஆலோசகராக இருந்தபோது ஆராய்ந்த விளக்குகள் நினைவுக்கு வந்தன. அலமாரியில் கிடந்த அப்பழைய விளக்குகளுள் ஒன்றை எடுத்து இணைத்துப் பார்த்தார். முள் நகர்ந்தது. 1904ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

நீர்க்குழாயில் ஒரு திசையிலேயே நீரைச் செல்லவிடும் அடைப்பிதழுக்கு ஆங்கிலத்தில் வால்வு என்று பெயர். தம் குழலும் மின்சாரத்தை அவ்வாறே செலுத்தியதால் பிளெமிங் அதற்கும் அப்பெயரையே சூட்டினார். சூடேற்றப்பட்டு எலெக்ட்ரானை வெளியிடும் பகுதி எதிர்மின்வாய்; அதனை ஏற்கும் தகடு நேர்மின்வாய். இவ்விரு முனைகளை உடையதால் அது இருமுனைக் குழல் எனவும் பெயர் பெற்றது. எடிசன் கண்டதையே பிளெமிங்கும் கண்டார். ஆயின் கண்டதை மறவாது நெஞ்சில் வைத்திருந்து, தேவை வந்தபோது அதனை அங்குப் பொருத்தினார். இருபது ஆண்டுகள் பயனற்றிருந்த கறை ஆராய்ச்சி, ஒரு புதிய துறைக்கே வாயிலாயிற்று.

மதகும் ஏரியும்

அமெரிக்கராகிய லீ டி பாரஸ்டு 1906ஆம் ஆண்டின் இறுதியில் இருமுனைக் குழலில் மூன்றாவது உறுப்பு ஒன்றைச் சேர்த்தார். எதிர்மின்வாய்க்கும் நேர்மின்வாய்க்கும் இடையே, மடித்து வளைத்த மெல்லிய கம்பி ஒன்றை வைத்தார். அதுவே கம்பிவலை எனப்படுவது. எலெக்ட்ரான்கள் அவ்வலையின் இடைவெளிகள் வழியே புகுந்து சென்றாக வேண்டும். வலைக்குச் சிறிது எதிர்மின்னழுத்தம் கொடுத்தால், அது எலெக்ட்ரான்களை விலக்கி, செல்லும் தொகையைக் குறைக்கும். எதிர்மின்னழுத்தம் மிகுந்தால் ஓட்டம் முற்றிலும் நின்றுவிடும். குறைந்தால் ஓட்டம் பெருகும்.

ஏரியின் மதகை எண்ணிப் பார்த்தால் இது தெளிவாகும். மதகுப் பலகையைச் சிறிது உயர்த்துபவன் ஒருவனே; அதற்கு அவன் செலவிடும் ஆற்றலும் சிறிதே. ஆனால் மதகின் வழியே பாய்ந்து நூறு வேலி நிலத்தை நனைக்கும் நீர் பெரிது. அப்பெருவெள்ளத்தின் ஆற்றல் பலகையை உயர்த்தியவனது கையிலிருந்து வந்ததன்று, ஏரியிலிருந்து வந்தது. கை ஆணையிட்டது; ஏரி அள்ளிக் கொடுத்தது. மும்முனைக் குழலின் செயலும் இத்தகையதே. வானலையால் உண்டாகும் நுண்ணிய மின்னழுத்தம் கம்பிவலையை ஆட்டுகின்றது; நேர்மின்வாயில் பெரிய மின்னோட்டம் அதற்கேற்ப ஏறி இறங்குகின்றது. சிறியது பெரியதாக உருவெடுக்கின்றது. ஆயின் குழல் தானாக ஆற்றலைப் படைப்பதில்லை. அதன் பின்னே நிற்கும் மின்வழங்கியே ஏரி. ஏரி வற்றினால் மதகினால் பயன் என்ன?

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒலிபெருக்கிகளில் பெரிதும் பயன்பட்ட குழல்களுள் ஒன்று ஈ.சி.சி.83 என்பது. அதன் ஒரே கண்ணாடிக் கூட்டினுள் இரண்டு மும்முனைக் குழல்கள் உண்டு. அவற்றுள் ஒன்றன் நேர்மின்வாய்க்கு 250 வோல்ட்டும், கம்பிவலைக்கு எதிர்த்திசையில் 2 வோல்ட்டும் அளித்தால், ஏறத்தாழ 1.2 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் செல்லும். நேர்மின்வாயின் வழியில் ஓர் இலட்சம் ஓம் மின்தடையை வைத்து மின்னூட்டினால், வலையில் பத்தில் ஒரு வோல்ட்டு மாறும்போது, மறுபுறத்தில் ஐந்து அல்லது ஆறு வோல்ட்டு மாற்றம் கிடைக்கும். அஃதாவது ஐம்பது அறுபது மடங்கு பெருக்கம். இவ்வாறு ஒரு குழல் பெருக்கியதை அடுத்த குழலுக்கு ஊட்டினால், பெருக்கமும் மேன்மேலும் உயரும்.

டி பாரஸ்டின் முதற்குழல்களில் சிறிது வளிமம் தங்கியிருந்தது. அவ்வளிமமே குழல் இயங்கக் காரணம் என அவர் கருதினார். அமெரிக்காவில் இர்விங் லாங்மியூர், ஹெரால்டு ஆர்னால்டு ஆகிய அறிஞர்கள், 1912, 1913ஆம் ஆண்டுகளில் நடத்திய ஆராய்ச்சியால் அக்கருத்துப் பிழை எனத் தெரிந்தது. வெற்றிடம் எத்துணைத் தூயதோ, குழலும் அத்துணை நம்பத்தக்கது என்பதை அவர்கள் நிலைநாட்டினர். இதன் பயனாக 1915ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்குத் தொலைபேசி வழி முறைப்படி திறக்கப்பட்டது. மூவாயிரம் மைலுக்கு மேற்பட்ட அத்தொலைவைக் கம்பியில் கடக்கும்போது மெலிந்துபோகும் குரலை, இடையிடையே வெற்றிடக் குழல்கள் பெருக்கி அனுப்பின.

குழலின் கண்ணாடியில் உட்புறமாக வெள்ளி போல் மின்னும் பூச்சு ஒன்று காணப்படும். அது பேரியம் என்னும் உலோகத்தின் படலம். குழலை மூடியபின் உள்ளே எஞ்சிய சிறிதளவு வளிமத்தையும் பின்னர்க் கசிவதையும் அது பற்றிக்கொள்ளும். கண்ணாடி விரிந்து காற்றுப் புகுந்துவிட்டால் அப்பூச்சு பால் போல் வெளுத்துவிடும். அனுபவம் மிக்க தொழிலாளர் அதனைக் கண்டவுடனே குழல் இறந்தது என்று அறிந்து கொள்வர்.

குழலுக்கு வேண்டும் உணவு

வெற்றிடக் குழல் வேலை செய்ய மூன்று வேண்டும். எதிர்மின்வாயைச் சூடாக்கும் மின்னோட்டம் ஒன்று. எலெக்ட்ரான்களை ஈர்க்க நேர்மின்வாய்க்கு வேண்டிய உயர் மின்னழுத்தம் இரண்டு. கம்பிவலையை உரிய நிலையில் நிறுத்தச் சிறிய எதிர்மின்னழுத்தம் மூன்று. தொடக்க கால வானொலிகளில் இம்மூன்றையும் மின்கல அடுக்குகளே அளித்தன. இழையைச் சூடாக்கும் மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும். அதனைச் சுமந்து சென்று கடையில் மின்னேற்றிக் கொணர வேண்டும். உயர் மின்னழுத்த அடுக்கோ தீர்ந்தபின் எறிந்துவிட வேண்டியது, விலையும் மிகுதி.

வீடுகளுக்கு மின்சாரம் வந்தபின், அதனைக் கொண்டே குழலை இயக்கலாகாதா என்று அறிஞர்கள் எண்ணினர். அங்கே இரண்டு தடைகள் குறுக்கிட்டன. வீட்டிற்கு வருவது மாறுதிசை மின்னோட்டம். நம் நாட்டில் அதன் மின்னழுத்தம் 230 வோல்ட்டு. ஒரு நொடியில் அது ஐம்பது சுற்று முன்னும் பின்னும் ஓடுகின்றது. அதனை நேரே இழையில் செலுத்தினால், அந்த ஏற்றத்தாழ்வு எலெக்ட்ரான் ஓட்டத்திலும் கலந்து, ஒலிபெருக்கியில் இடைவிடாத இரைச்சலாக வெளிப்படும். இஃது ஒரு தடை. நேர்மின்வாய்க்கோ நிலையான ஒருதிசை மின்னோட்டம் வேண்டும். இது மற்றொரு தடை.

முதல் தடையை மறைமுகச் சூடேற்றல் நீக்கிற்று. நிக்கல் உலோகத்தாலான சிறு குழாயின் மேல் பேரியம், ஸ்டிரான்ஷியம் ஆகியவற்றின் ஆக்சைடுகளைப் பூசினர். அக்குழாயே எதிர்மின்வாய். அதனுள்ளே, அதனைத் தொடாதவாறு, காப்புப் பூச்சுடைய டங்ஸ்டன் இழையை வைத்தனர். இழை வெப்பத்தை மட்டும் கொடுக்கும். எலெக்ட்ரானைக் கொடுப்பது வெளிக் குழாயே. குழாய் ஒருமுறை சூடேறிவிட்டால், ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் குளிர்ந்து மீண்டும் சூடேற அதனால் இயலாது. ஆகையால் இழையிலுள்ள ஏற்றத்தாழ்வு வெளியே தோன்றுவதில்லை. ஆனால் அவ்வெளிக் குழாய் எழுநூறு எண்ணூறு சென்டிகிரேடு பாகை வரை சூடேறுதற்குச் சிறிது காலம் வேண்டும். பழைய வானொலி திருப்பியவுடன் பேசாமைக்குக் காரணம் இதுவே. இரைச்சலை நீக்கியதற்கு ஈடாக மக்கள் கொடுத்த விலை அந்த அரை நிமிடக் காத்திருப்பு.

மின்வழங்கியின் நான்கு பணிகள்

இரண்டாம் தடையை நீக்குவது மின்வழங்கியின் கடமை. அதன் பணிகள் நான்கு: மாற்றுதல், திருத்துதல், தேக்குதல், நிலைநிறுத்தல்.

மாற்றுதலைச் செய்வது மின்மாற்றி. இரும்புத் தகடுகளாலான உள்ளகத்தின் மேல் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கம்பிச் சுருள்கள் சுற்றப்பட்டிருக்கும். முதற்சுருளில் 230 வோல்ட்டு செலுத்தினால், மற்றச் சுருள்களில் அவற்றின் சுற்று எண்ணிக்கைக்கு ஏற்ப மின்னழுத்தம் தோன்றும். குறைந்த சுற்றுடைய சுருள் 6.3 வோல்ட்டைக் கொடுத்து இழைகளைச் சூடாக்கும். அது விந்தையான எண்ணாகத் தோன்றலாம். ஈய அமில மின்கலம் மூன்றை இணைத்தால் கிடைக்கும் மின்னழுத்தமே அது. மிகுந்த சுற்றுடைய மற்றொரு சுருள் இருநூற்றைம்பது முந்நூறு வோல்ட்டைத் தரும்.

திருத்துதலைச் செய்வது பிளெமிங்கின் ஒருவழிக் கதவே. ஒரே குழலில் இரண்டு நேர்மின்வாய்களை அமைத்து, மின்னோட்டத்தின் முற்பாதியை ஒன்றும் பிற்பாதியை மற்றொன்றுமாக ஏற்கச் செய்வர். இதனால் முன்னும் பின்னும் ஓடிய மின்னோட்டம் ஒரு திசையில் ஓடத் தலைப்படும். ஆயினும் அது சீரானதன்று. ஒரு நொடிக்கு நூறு முறை எழுந்தெழுந்து விழும்.

அவ்வெழுச்சியை ஆற்றுவது தேக்குதல். கிணற்றில் ஏற்றம் இறைப்பதைக் கண்டோர், சால் மேலே வரும்போதெல்லாம் நீர் குபீரெனக் கொட்டுவதையும், சால் கீழே செல்லும்போது நின்றுவிடுவதையும் அறிவர். அந்நீரை ஒரு தொட்டியில் விட்டு, தொட்டியின் அடியிலுள்ள துளை வழியே வாய்க்காலுக்குச் செலுத்தினால் ஓட்டம் அறாது. மின்தேக்கியே அத்தொட்டி. எழுச்சியின்போது மின்னூட்டத்தை வாங்கி நிரப்பிக்கொண்டு, வீழ்ச்சியின்போது அது வழங்குகின்றது. அதனை அடுத்து இரும்பின் மேல் சுற்றிய சோக்குச் சுருள் ஒன்றை வைப்பர். மின்னோட்டம் திடீரென மாறுவதை அச்சுருள் எதிர்க்கும். அதன்பின் மற்றொரு மின்தேக்கி. இம்மூன்றையும் கடந்து வரும் மின்னோட்டம் தெளிந்த நீரோடை போல் சீராகிவிடும். மின்தேக்கி பழசாகி வலிமை குன்றினால், வானொலியில் ‘ம்ம்ம்’ என்னும் இரைச்சல் கேட்கும். அது நொடிக்கு நூறு முறை எழும் அலையின் குரலேயாகும்.

வீட்டு மின்னழுத்தம் கூடினும் குறையினும், கருவிக்குச் செல்வது மாறாதிருக்கச் செய்வது நிலைநிறுத்தல். எளிய வானொலிகளுக்கு இது வேண்டுவதில்லை; நுண்ணிய அளவிகளுக்கும் கணிப்பொறிகளுக்கும் இன்றியமையாதது.

நிறுத்தியவுடன் வானொலி அடங்காமைக்கு விடையும் இங்கேயே கிடைக்கின்றது. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் எதிர்மின்வாய் சிறிது நேரம் சூடாகவே இருக்கும். மின்தேக்கியிலும் மின்னூட்டம் எஞ்சியிருக்கும். அது தீருமளவும் குரல் தொடரும். ஆனால் இவ்விடத்தில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கின்றது. குழல்கள் பழுதாகியோ கழற்றப்பட்டோ இருந்தால், எஞ்சிய மின்னூட்டம் செல்ல வழியின்றி மின்தேக்கியிலேயே தங்கிவிடும். இணைப்பைப் பிடுங்கிவிட்டோம் என்னும் துணிவில் கைவைப்பவர் முந்நூறு வோல்ட்டுக்கு மேற்பட்ட அதிர்ச்சிக்கு ஆளாவர். அது உயிருக்கே கேடாக முடியவும் கூடும். ஆதலின் நல்ல மின்வழங்கியில், மின்தேக்கியோடு இணையாக ஒரு மின்தடையை வைத்து, எஞ்சியதை வடியச் செய்வர். ஐம்பது மைக்ரோபாரடு மின்தேக்கிக்கு ஓர் இலட்சம் ஓம் மின்தடை வைத்தால், 350 வோல்ட்டு இருபத்தைந்து நொடிகளில் 3 வோல்ட்டுக்கும் கீழாகக் குறைந்துவிடும். மிகச் சிறிய விலையுள்ள அம்மின்தடை ஓர் உயிரைக் காக்கும் காவலன். அம்மின்தடையே பழுதாகியிருத்தலும் கூடுமாதலின், தேர்ந்த தொழிலாளர் அளவியால் அளந்து பாராமல் கைவைப்பதில்லை. ஆற்றல் கண்ணுக்குத் தெரியாதபோதும் அங்கே இருக்கக்கூடும் என்பது மின்துறையின் முதற்பாடம்.

அணையா விளக்குகள்

மின்வழங்கியின் அருமையை உணர்ந்த ஒருவரால் ஒரு பெரும்பணி நிறைவேறியது. இலண்டனில் கொத்தனார் ஒருவரின் மகனாக 1905ஆம் ஆண்டில் பிறந்த டாமி பிளவர்ஸ், பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் ஆராய்ச்சி நிலையத்தில் பொறியாளராக இருந்தார். இரண்டாம் உலகப்போரின்போது, செருமானியப் படைத்தலைமை ‘லாரன்ஸ்’ என்னும் மறைமொழிப் பொறியால் தன் செய்திகளை அனுப்பி வந்தது. அவற்றைப் படித்தறியும் பணி பிளெட்ச்லி பார்க் என்னுமிடத்தில் நடைபெற்றது. அதற்கு மிகு விரைவாகக் கணக்கிடும் பொறி தேவைப்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட வெற்றிடக் குழல்களைக் கொண்டு அதனைச் செய்யலாம் என்றார் பிளவர்ஸ்.

பலர் அதனை நம்பவில்லை. ஐந்தாறு குழல்களை உடைய வானொலியே அடிக்கடி பழுதாகின்றது. ஆயிரம் குழல்களுள் எந்நேரமும் ஏதேனும் ஒன்று இறந்துகொண்டே இருக்குமன்றோ என்பது அவர்கள் கருத்து. அவர்தம் ஐயம் பொருளற்றதன்று. ஆனால் பிளவர்ஸ் போருக்கு முன்பே தொலைபேசி நிலையங்களில் குழல்களைப் பயன்படுத்தி, அவற்றின் இயல்பை நேரில் கண்டவர். குழல் பெரும்பாலும் இறப்பது இயங்கும்போதன்று. குளிர்ந்த நிலையில் மின்சாரம் ஊட்டப்படும் அந்நொடியிலேயே என்பதை அவர் அறிந்திருந்தார். குளிர்ந்த இழையின் மின்தடை மிகக் குறைவு; ஆகையால் முதற்கணத்தில் அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாயும். இழையும் திடீரென விரிவடைந்து வருந்தும். வீட்டு மின்விளக்கும் எரியத் தொடங்கும் அக்கணத்திலேயே பெரும்பாலும் அறுந்துபோவதைப் பலரும் கண்டிருப்பர். எனவே, குழல்களை ஒருமுறை ஏற்றிவிட்டு, பின்னர் ஒருபோதும் அணைக்காமலிருந்தால் அவை நெடுநாள் வாழும் என்பது பிளவர்ஸ் கண்ட முடிவு.

1943ஆம் ஆண்டில் அவரும் அவர்தம் குழுவினரும் பதினோரு திங்கள் அளவில் அப்பொறியைச் செய்து முடித்தனர். கொலாசஸ் என்பது அதன் பெயர். ஏறத்தாழ 1,600 குழல்களைக் கொண்ட அது 1944ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பணியைத் தொடங்கி, நாடாவில் துளையிட்ட எழுத்துகளை நொடிக்கு ஐயாயிரம் வீதம் படித்தது. குழல்கள் பிளவர்ஸ் கூறியவாறே அணைக்கப்படாது உழைத்தன. போர் முடிவதற்குள் அத்தகைய பொறிகள் பத்து இயங்கலாயின. போருக்குப் பின் அவற்றுள் பெரும்பாலானவை உடைக்கப்பட்டன. குறிப்புகளை எரித்துவிடுமாறு பிளவர்சுக்குக் கட்டளை வந்தது. அவர் அவ்வாறே செய்து, முப்பது ஆண்டுக் காலம் வாய் திறவாதிருந்தார். 1970களிலேயே அவர் செய்த அரும்பணி உலகிற்குத் தெரியலாயிற்று. 1946ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் அறிமுகமான ‘எனியாக்’ என்னும் கணிப்பொறியோ ஏறத்தாழ 18,000 குழல்களைக் கொண்டிருந்தது. அதற்கு வேண்டிய மின்திறன் ஏறத்தாழ 150 கிலோவாட்டு.

மாறியதும் மாறாததும்

1947ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பார்டீன், பிராட்டெய்ன் ஆகியோர் டிரான்சிஸ்டர் என்னும் சிறு பொருளைக் கண்டனர். அவர்தம் குழுவின் தலைவராகிய ஷாக்லி அதனை மேலும் வளர்த்தார். 1956ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு இம்மூவருக்கும் அளிக்கப்பட்டது. டிரான்சிஸ்டருக்குச் சூடேற்றும் இழை வேண்டா, வெற்றிடம் வேண்டா, சில வோல்ட்டு மின்னழுத்தமே போதும். அதனால் வானொலி கைக்கு அடக்கமாயிற்று, காத்திருப்பும் நீங்கிற்று. வெற்றிடக் குழல் வீடுகளிலிருந்து மெல்ல விடைபெற்றது. எனினும் அது மறைந்துவிடவில்லை. மருத்துவமனையில் எலும்பு முறிவைக் காட்டும் எக்ஸ் கதிர்க் குழல் வெற்றிடக் குழலே. நுண்ணலை அடுப்பில் உணவைச் சூடாக்கும் மாக்னெட்ரானும் வெற்றிடக் குழலே.

மின்வழங்கியோ ஒரு நாளும் விடைபெறவில்லை. கைப்பேசிக்கு மின்னேற்றும் சிறு பெட்டி, வீட்டிற்கு வரும் 230 வோல்ட்டு மாறுதிசை மின்னோட்டத்தை 5 வோல்ட்டு ஒருதிசை மின்னோட்டமாக்கித் தருகின்றது. குழலின் இடத்தில் அதனுள்ளே சிலிக்கான் டயோடு உள்ளது. மின்மாற்றி விரல் நுனி அளவாகச் சிறுத்துவிட்டது. பணிகளின் வரிசையும் சிறிது மாறியுள்ளது. ஆயினும் மாற்றுதல், திருத்துதல், தேக்குதல், நிலைநிறுத்தல் என்னும் அந்நான்கு பணிகளே அங்கும் நடைபெறுகின்றன.

வானொலியில் பாடும் குரலை அனைவரும் கேட்டனர். அக்குரலைப் பெருக்கிய குழலைச் சிலர் அறிந்தனர். அக்குழலுக்குச் சீரான ஆற்றலை இடையறாது ஊட்டிய மின்வழங்கியையோ, அது பழுதாகி இரைச்சல் எழுந்தபோதே பலரும் நினைத்தனர். மதகைத் திறக்கும் கையைப் போற்றுவது தகும். அதனோடு, மதகின் பின்னே அமைதியாக நிறைந்து நிற்கும் ஏரியையும், அதன் கரையைக் காப்போரையும் நினைத்தல் கடமையாகும். முப்பது ஆண்டுகள் புகழை வேண்டாது வாளாவிருந்த பிளவர்சின் வாழ்வு உணர்த்துவதும் அதுவே.